ஹெட்விக் படத்தின் கடைசி மூன்று முழம்

வைலே
6 ஒக்டோபர் 2025

சுசீலாதேவிக்கு,

அன்றைக்கு எங்கள் வீட்டுப் பின்பக்கப் புல்தரையில் நின்றவர்கள்: நீர், உம்முடைய அவர் சிறீஸ்கந்தராசா, உம்முடைய மகள் சயந்தினி, மேல்மாடி ஆனந்தராஜா, என் மகள் பிரியந்தி, என் மகன் றொஜிதன். கடைசியாக வந்து சேர்ந்தவள் நான். வேறு ஒருவரும் இல்லை. 1999ஆம் ஆண்டு ஓகஸ்ட் பதினோராம் திகதி, புதன்கிழமை, சூரிய கிரகணம். தர்ப்பை கிடைக்காதபடியால் புல்தரையில் பிடுங்கிய புல்லை நீர் சோற்றுப் பானைக்கு மேல் போட்டிருந்தீர். ஆனந்தராஜா ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதி வைக்கப் பழகாதபடியால் எல்லாம் தலைக்குள்ளேயே கிடக்கிறது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு மனமில்லை. இருபத்தாறு வருடம் அறியாத நலத்தை இனி அறிந்து என்ன செய்ய. காரியத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஸ்டொக்ஹோமிலிருந்து ஜோனாஸ் என்று ஒருவர் வந்தார். தலை நரைத்த மனிதர். பழைய படச்சுருள்களைத் தேடிக் காப்பாற்றுவது அவருடைய வேலையாம். ஹெட்விக் வெஸ்டர்லின்ட் வைலேயில் ஒரு முதியோர் இல்லத்தில் இறந்தா என்று பழைய தாள் ஒன்றில் கண்டு, அங்கே அப்போது வேலை செய்தவர்கள் யார் யார் என்று விசாரித்து, கடைசியில் என் கதவைத் தட்டினார். முப்பத்தைந்து வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அவர்தான். வந்த நேரம் எனக்கு எழுபத்தேழு வயது.

ஹெட்விக்கை உமக்குத் தெரியும். நீர் கீழே சலவை அறையில் நின்றீர், நான் மேலே அறை துடைத்தேன். பன்னிரண்டாம் அறை. 1987இல் நான் அங்கே வேலைக்குப் போனபோது எனக்கு டெனிஸ் பாசையில் நாலு சொல் தெரியும். அவவுக்கு அப்போது தொண்ணூற்றொன்பது வயது. மற்றக் கிழவிகள் என்னைக் கண்டதும் கைப்பையை இழுத்து மடியில் வைப்பார்கள். இவ மட்டும் என்னோடு கதைத்தா, வாயால் அல்ல, கையாலும் முகத்தாலும். பேச்சில்லாத காலத்தில் படம் எடுத்தவவுக்குப் பேச்சில்லாத எனக்குக் கதை சொல்வது ஒரு பாரமாக இருக்கவில்லை. வாளியையும் துடைப்பானையும் சுவரில் சாத்திவிட்டு நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். கதிரையில் இருந்தபடியே தன் சீவியத்தை நடித்துக் காட்டுவா.

மல்மோவில் ஒரு படக்கடையில் புகைப்படத்துக்குக் கன்னச் சிவப்புத் தீட்டுகிற பெட்டையாகத் தொடங்கினா. பிறகு ஸ்டொக்ஹோமில் படக்கம்பனியில், படத்துக்கு இடையில் காட்டுகிற எழுத்துத் தட்டிகள் எழுதினா. ஒருநாள் படம் எடுக்கிற ஐயா குடித்துவிட்டு விழுந்து கிடந்தாராம். நடிகர்கள் வேசம் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், வெயில் போகிறது. இவ தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, நீ இங்கே நில், நீ அங்கே நில் என்று சொன்னா. அது 1912. அதற்குப் பிறகு நாலு வருடத்தில் ஏழு படம். மற்றவர்கள் சீலையில் கடல் கீறி அதற்கு முன்னால் ஆட்களை நிறுத்தியபோது, இவ படம் பிடிக்கிற பெட்டியையும் முக்காலியையும் மாட்டு வண்டிலில் ஏற்றி உண்மைக் கடலுக்குக் கொண்டுபோனா. மீன்காரிகளையே மீன்காரிகளாக நடிக்க வைத்தா.

ஏழில் ஆறு படம் கம்பனிக் கிடங்கு எரிந்தபோது எரிந்துவிட்டன. ஏழாவது மட்டும் அவவின் கட்டிலுக்குக் கீழே தகரப் பெட்டியில் இருந்தது. சாகிறதுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் அதை என் கையில் தந்தா. கதவைக் காட்டினா, இரண்டு விரலை நடக்கவிட்டுக் காட்டினா. ஒரு ஆள் வரும். பிறகு என் நெஞ்சில் விரலால் குத்தினா. அதுவரைக்கும் நீ.

அந்தப் படத்தைத்தான் நீர் பூ அளப்பது போல முழம் போட்டு வெட்டினீர். ஆளுக்கு மூன்று முழம். மடித்துக் கண்ணில் வைத்துக் கிரகணம் பார்க்க, ஊரில் பார்த்தது போல. நான் வேலையால் வந்து கண்டதும் எல்லார் கையிலிருந்தும் பறித்தேன். ஐந்து துண்டு கிடைத்தது. நீர் உம்முடையதை முடிந்துகொண்டு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டீர். அந்த மாதமே ஸ்கீவவுக்கு வீடும் மாறினீர்.

அந்தத் துண்டு உம்மிடம் இருந்தால் ஜோனாஸிடம் கொடும். தபாலில் போடவேண்டாம். அது வெடிமருந்துச் சாதியாம், தண்ணீருக்குள்ளும் எரியுமாம். கிரகணத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியை மேசையில் வைத்து, அதற்கு மேல் நான் இத்தனை வருடம் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன் என்று சொல்ல, அந்த மனிதர் கதிரையில் இருந்துவிட்டார்.

டெலிபோன் எடுக்கவேண்டாம். உம்முடைய குரலைக் கேட்க நான் ஆயத்தமில்லை.

யசிந்தா

*

ஸ்கீவ
15 ஒக்டோபர் 2025

அன்புள்ள யசிந்தா அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. டெலிபோன் எடுக்கச் சொன்னாலும் என்னால் ஏலாது. இரண்டு காதும் போய்விட்டன. கருவி போட்டால் ஃபிரிட்ஜ் இரைவது மட்டும் நன்றாகக் கேட்கிறது. ஆகையால் கடிதமே நல்லது.

முன்பெல்லாம் என்னை நீ என்று சொல்வீர்கள். இப்போது நீர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கும்.

துண்டு என்னிடம் இருக்கிறது. வீடு மாறியபோதும், இவர் காலமாகி அவருடைய உடுப்பெல்லாம் எடுத்துக் கொடுத்தபோதும் அது என் திருமணக் கூறைக்குக் கீழேயே இருந்தது. எறிந்துவிடலாம் என்று எத்தனையோ தரம் எடுத்தேன். எறிந்தால் நீங்கள் சொன்னது சரியென்று ஆகிவிடும் என்று திரும்ப வைத்தேன்.

ஜோனாஸ் வரட்டும், கொடுக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விசயம். உங்கள் ஞாபகத்தை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனந்தராஜா அண்ணையின் ஒற்றைச் செருப்பு எனக்கே மறந்துபோயிருந்தது. இருந்தும், நீங்கள் எழுதிய பெயர்களில் ஒரு பெயர் விட்டுப் போயிருக்கிறது. அன்றைக்குப் புல்தரையில் நின்றவர்களை இன்னொருதரம் எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். கத்தரிக்கோல் என் கையில் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பெட்டி உங்கள் கட்டிலுக்குக் கீழே, உங்கள் அறைக்குள் இருந்தது. நான் என்றைக்காவது உங்கள் அறைக்குள் கால் வைத்திருக்கிறேனா?

இப்படிக்கு
சுசீலா

*

வைலே
24 ஒக்டோபர் 2025

சுசீலாதேவிக்கு,

என் ஞாபகத்துக்கு நீர் பரீட்சை வைக்கவேண்டாம். எழுதியது எழுதியதுதான். செத்தவர்களை இழுக்காமல் உயிரோடு இருக்கிறவர்களின் கதையைக் கதைப்போம்.

நீர் வெட்டியது ஏதோ நடுவில் ஒரு இடம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர். அதனால் எழுதுகிறேன். சுருளின் வெளிப்பக்கத்தில் கிடந்தது படத்தின் முடிவு. இராக் காட்சி, கறுப்பு நிறம், கண்ணுக்கு இதம். அதனால்தான் அதிலிருந்து வெட்டினீர்கள். அந்த முடிவுக்காகத்தான் அந்த மனிசி தன் தொழிலையே விட்டவ.

கதை இதுதான். மீன்காரன் ஒருத்தன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பெண்சாதி ஒவ்வொரு இராவும் விளக்கோடு கரையில் நிற்கிறாள். ஊர் வருகிறது, பாதிரியார் வருகிறார், குளிர் வருகிறது, அவன் வரவில்லை. முடிவில் என்ன என்பதுதான் சண்டை. கம்பனி முதலாளி படகு வரவேண்டும் என்றான். சனம் காசு கொடுத்து அழ வரமாட்டாது, சிரிக்கத்தான் வரும் என்றான். ஹெட்விக் மாட்டேன் என்றா. அவ எடுத்த முடிவில் படகு இல்லை. அந்தப் பெண் விளக்கை மணலில் வைக்கிறாள், மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் பூட்டுகிறாள், கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு நடந்து போகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கு மட்டும் மணலில் எரிகிறது. இதை அவ எனக்குப் பத்துத் தரமாவது நடித்துக் காட்டியிருப்பா. சட்டைப் பொத்தானைப் பூட்டுகிற இடத்தில் அவவின் கை நடுங்காது. மற்ற நேரம் தேத்தண்ணிக் கோப்பை பிடிக்க ஏலாத கை.

முதலாளி வேறு ஒருவனைக் கொண்டு படகு வருகிற முடிவு எடுப்பித்து ஒட்டினான். படத்திலிருந்து அவவின் பெயரை எடுத்தான். அவ தன் முடிவு இருந்த சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு டென்மார்க்குக்கு வந்துவிட்டா. பிறகு ஒரு கம்பனியும் கூப்பிடவில்லை. இங்கே வைலேயில் படமாளிகையில் பியானோ வாசித்தா. ஒருநாள் அந்தப் படமே இங்கே ஓட வந்தது. பெயர் இல்லாமல், படகோடு. பியானோவில் இவதான். படகு தெரிகிற இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திக் கையை மடியில் வைத்தாவாம். சனம் ஒரு சத்தமும் இல்லாமல் படகு வருவதைப் பார்த்தது. மாளிகைக்காரன் அடுத்த நாள் கணக்கு முடித்துவிட்டான். அதற்குப் பிறகு முப்பது வருடம் நூல் ஆலை.

அவ சொன்னது உண்மை என்று காட்ட உலகத்தில் வேறு சாட்சி இல்லை. எழுதியவர்கள் எல்லாரும் படகு முடிவைத்தான் அந்தப் படத்தின் முடிவு என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். படகு ஒட்டுவதற்கு முன்னால், முதன்முதலில் தணிக்கைக்குக் கொடுத்தபோது படத்தின் நீளத்தைத் தாளில் குறித்திருக்கிறார்கள். ஜோனாஸ் அதை வைத்து அளந்து பார்த்தார். என்னிடம் இருந்த ஐந்து துண்டையும் சேர்த்த பிறகும் இரண்டு துண்டுக்கு இடம் கிடக்கிறது என்கிறார். ஒன்று உம்முடையது.

நீர் அவவை ஒரு சொல்லும் தெரியாத கிழவி என்று நினைத்தீர். படுக்கைச் சீலை தோய்த்ததோடு உமக்கு அலுவல் முடிந்தது. அதற்காக உம்மை நான் குற்றம் சொல்லவில்லை. வெட்டியதுக்குத்தான்.

யசிந்தா

*

ஸ்கீவ
5 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

ஒரு துண்டு என்னுடையது, மற்றது யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். இருபத்தாறு வருடம் வாயை மூடியிருந்தேன், வயதும் எழுபத்திரண்டு ஆகிவிட்டது. இதைச் சொல்லாமல் போக விருப்பமில்லை.

அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் அவர் அந்தோனிதாசன் அண்ணை வீட்டுக்குள்ளிருந்து அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இறைச்சி ஆலையில் அவருக்கு அன்றைக்கு லீவு. வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது என்று நான் பிள்ளைகளைத் தடுத்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்ததும் ஊத்தைக் காலுறை மணம் வந்தது. என்ன அண்ணை இது என்று கேட்டேன்.

"உந்தச் சுவீடன்காரியின்ரை பெட்டிதான். பத்து வருசமாய் ஆர் வந்தது? கிரகணம் பாக்கவாவது உதவட்டும்."

அக்கா பேசுவா என்று சொன்னேன். இது என் பிள்ளை தலையில் அடித்துச் சொல்கிற உண்மை. கத்தரிக்கோலை நான் கையில் எடுக்கவில்லை. அதற்கு அவர் சொன்னார்:

"அவதான் சொன்னவ, வெட்டிக் குடுக்கச் சொல்லி. நீ வெட்டு பிள்ளை."

நீங்கள் சொன்னதாகச் சொன்ன பிறகுதான் நான் முழம் போட்டேன். முதல் துண்டை அவரே கையில் வாங்கினார். அடுத்தது எனக்கென்று தோளில் போட்டுக்கொண்டேன். பிறகு மற்றவர்களுக்கு. உங்களுக்கு ஒன்று வெட்டவா என்று அவரிடம் கேட்க, நீங்கள் வேலையால் வர நேரமாகும், வேண்டாம் என்றார்.

நீங்கள் ஒன்றரை மணிக்கு வந்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று நான் திரும்ப எழுத மாட்டேன். என் மகளுக்கு முன்னால் சொன்னீர்கள். அவளுக்கு ஒன்பது வயது. சலவைக்காரி என்ற சொல்லை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். நான் அண்ணையைப் பார்த்தேன். சைக்கிள் கொட்டிலடியில் நின்றார். எனக்குக் கேட்டது அவருக்கும் கேட்டது. அவர் திரும்பவில்லை.

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை? 1986இல் அகதி முகாமில் இவருடைய வழக்குக்கு மொழிபெயர்த்து, பொலிஸ்காரனோடு வாதாடி, எங்களை நாட்டுக்குள் வைத்தவர் அண்ணை. அவரைப் பொய்யன் என்று அவருடைய முற்றத்தில் நின்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவரே ஒருநாள் உங்களிடம் சொல்வார் என்று இருந்தேன். இரண்டு மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். செத்த வீட்டுக்கு வந்தேன், நீங்கள் முகத்தைத் திருப்பினீர்கள். பிறகு யாரிடம் போய் என்ன சொல்ல?

ஜோனாஸ் வருகிற வெள்ளிக்கிழமை இங்கே வருகிறார். நேற்றுச் சயந்தினி பூதக்கண்ணாடி வாங்கி வந்தாள். சன்னலில் பிடித்து அந்தத் துண்டை முதல்தரம் ஒழுங்காகப் பார்த்தேன். சின்னச் சின்னச் சதுரம். ஒவ்வொன்றிலும் ஒரு பெண், இருட்டு, கடல். விளக்கு மணலில் இருக்கிறது. கை பொத்தானில் இருக்கிறது. எல்லாச் சதுரமும் ஒன்று போலத்தான் கிடந்தது. கடைசி நாலு சதுரத்தில் மட்டும் அவளுடைய தோள் திரும்பத் தொடங்கியிருக்கிறது. படகு இல்லை, அக்கா. நான் நன்றாகத் தேடினேன்.

ஊருக்கு முன்னால் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு வரி எழுதுங்கள், போதும்.

சுசீலா

*

வைலே
12 டிசெம்பர் 2025

சுசீலா,

பதில் பிந்திவிட்டது. எங்கள் தெருமுனையில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வருடத்தோடு தபால்காரரும் இல்லையாம். பிரியந்தி இதை எங்கேயோ கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அதற்காகப் பிந்தவில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

நீ வெட்டியதில் பிழையில்லை. இதுதான் நீ கேட்ட வரி. சயந்தினிக்கு முன்னால் நான் சொன்ன சொல்லுக்கு அவளிடம் நானே வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும். அது கடிதத்தில் கேட்கிற காரியம் இல்லை.

இனி, நீ கேட்காததைச் சொல்கிறேன். எனக்குத் தெரியும். எண்ணத் தெரியாமல் ஒரு பெயரை விடவில்லை. படலையைத் திறந்தபோதே அவரைக் கண்டேன். நீல நிறச் சட்டை, இடது கை இடுப்பில், வலது கையில் அந்தத் துண்டு, முகம் சூரியனுக்கு. நான் கத்தக் கத்த அவர் கிரகணம் பார்த்துக்கொண்டு நின்றார். உன் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. அன்று இராப்பொழுது உங்கள் துண்டு எங்கே என்று கேட்டேன். எறிஞ்சுபோட்டன் என்றார். அதோடு விட்டேன். அவரோடு சண்டை பிடித்தால் அந்த வீட்டில் சீவிக்க வேண்டும், உன்னோடு பிடித்தால் நீ ஸ்கீவவுக்குப் போய்விடுவாய். இரண்டு மாதத்தில் அவரும் போய்விட, செத்தவரோடு எப்படிக் கோபிக்கிறது? நீ உயிரோடு இருந்தாய். முழுவதையும் உன்மேலே ஏற்றி வைத்தேன்.

அடக்கத்துக்கு அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போடுகிறபோது உள்பையில் கை பட்டது. அந்தத் துண்டு. அழகாகச் சுற்றி, நூலால் கட்டி வைத்திருந்தார். எறியவில்லை. எறியவும் கை வரவில்லை, என்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அதை நான் வெளியே எடுக்கவில்லை, சுசீலா. மேலே போய் அந்த மனிசியைக் கண்டால் நீங்களே கையில் குடுங்கோ என்று சொல்லி, பொத்தானைப் பூட்டினேன். சவப்பெட்டியை மூடினார்கள்.

ஆகவே படத்தின் கடைசி மூன்று முழத்தையும் மண்ணுக்குள் அனுப்பியவள் நான். இதை ஜோனாஸிடம் சொன்னேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகும் துடைத்தார். தோண்டி எடுக்கலாமா என்று பிரியந்தி கேட்டாள். இருபத்தாறு வருடத்தில் அதில் ஒன்றும் மிஞ்சியிராது என்றார் அவர். பிறகு என்னிடம், முடிவை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். படத்தில் பார்க்கவில்லை, எடுத்தவவிடம் பார்த்தேன் என்றேன். செய்து காட்டச் சொன்னார். கமராவை வைத்தார். நான் கதிரையில் இருந்து செய்து காட்டினேன். விளக்கு, சட்டைக் கை, பொத்தான், முதுகு. என் கையும் நடுங்கவில்லை.

உன் துண்டுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. அந்தத் தோள் இல்லாவிட்டால் என் கை சொன்னதை ஒருவரும் நம்பத் தேவையில்லை. தோள் திரும்பத் தொடங்கியதும், படகு இல்லாததும், தணிக்கைத் தாளில் இருந்த நீளமும் சேர்ந்து போதும் என்கிறார். இனிமேல் புத்தகங்களில் ஹெட்விக்கின் முடிவு என்று இதை எழுதுவார்கள். பெயரும் போடுவார்கள்.

போன புதன்கிழமை ஒடென்சேயில் ஒரு சின்ன மண்டபத்தில் காட்டினார்கள். உன் இடுப்பு எலும்பு சரியில்லை, தூரம் போக ஏலாது என்று சயந்தினி பிரியந்தியிடம் சொன்னதால் உன்னைக் கூப்பிடவில்லை. நாற்பது பேர் இருக்கும். பியானோ வாசிக்க ஒரு பெடிச்சி வந்திருந்தாள். அவளிடம் பிரியந்தியைக் கொண்டு ஒன்று சொல்லுவித்தேன். உன் துண்டு முடிகிற இடத்தில் படம் கறுப்பாகப் போகும், நாலரை விநாடி, மூன்று முழத்தின் நீளம். அந்த இடத்தில் வாசிக்கக்கூடாது, கையை மடியில் வைக்கவேண்டும். வைத்தாள். தோள் திரும்பியது, இருட்டியது. ஒருவர் இருமினார். பிறகு விளக்கைப் போட்டார்கள். நூற்று ஒன்பது வருடத்துக்குப் பிறகு படகு வரவில்லை.

தபால் பெட்டி போனால் என்ன, ரயில் இருக்கிறது. மாசி மாதம் குளிர் கொஞ்சம் விட, நான் ஸ்கீவவுக்கு வருகிறேன். காது கேட்காவிட்டால் பரவாயில்லை, எனக்குக் கையால் கதைக்கத் தெரியும்.

உன்மேல் எனக்கு இனி ஒன்றும் இல்லை. படகு ஒட்டிய முதலாளியையும் விட்டுவிட்டேன், அவன் பெயர் ஒரு தாளிலும் இல்லை. ஒருவரை மட்டும் விடமாட்டேன். பெட்டியை எடுத்ததுக்காக அல்ல. நான் உன்மேல் கத்தியபோது, ஒரு சொல் சொன்னால் முடிந்துபோகிற காரியத்துக்கு, சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றதுக்காக. அவருடைய கல்லறையை இன்னும் பத்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன். மாதம் ஒருதரம் போய்ப் புல்லுப் பிடுங்குகிறேன், பூ வைக்கிறேன். பக்கத்தில் எனக்கும் இடம் விட்டிருக்கிறது. அங்கே போய்ப் படுத்த பிறகும் அந்த மனிசனோடு கதைக்கமாட்டேன்.

அன்றைக்குப் புல்தரையில் நின்றவர்களில் நான் எழுதாமல் விட்ட பெயர்: அந்தோனிதாசன்.

யசிந்தா அக்கா